பெட்டியின் அடித்தாள்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் இல்லத்துப் பரண்மீது ஒரு டிரங்குப் பெட்டி நெடுங்காலமாகக் கிடந்தது. என் தகப்பனார் காலமான பின்னர் அவர் சேர்த்து வைத்திருந்த காகிதங்களையெல்லாம் நாங்கள் பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டு விற்றுவிட்டோம். நாடக நோட்டீஸுகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டுகளுடன் வந்த பாடல் ஏடுகள், கலியாண வாழ்த்து மடல்கள், சோப்பு வாங்கினால் இனாமாகத் தரும் படங்கள் ஆகியவை அவற்றில் இருந்தன. புத்தகங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம். புத்தகம் என்றால் மதிப்பு. நோட்டீஸ் என்றால் குப்பை. படித்தவர்கள் என்று பெயர் வாங்கிய எங்களுக்கு அன்று இருந்த அறிவு அவ்வளவுதான். பெட்டியைப் பழைய பேப்பர்க்காரர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். துருப் பிடித்திருந்தது என்பது காரணம்.

சில ஆண்டுகள் கழித்து அப்பெட்டியைத் துடைக்கும்பொழுது அதன் அடியில் ஒட்டியிருந்த தாள் ஒன்று கண்ணில் பட்டது. ரோஜா வண்ணத்தில் மெல்லிய காகிதம். "வள்ளி திருமணம்" நாடகத்தின் நோட்டீஸ். விற்றது போக எஞ்சியது அது ஒன்றே. அதனை ஆதாரமாக வைத்துக்கொண்டே இன்று உங்களோடு சில விஷயங்களைப் பேசலாம் என்று எண்ணுகிறேன்.

தமிழ் அச்சின் சரித்திரம் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் பெருநூல்களின் சரித்திரத்தையே சொல்கிறோம். ஏட்டிலிருந்து சங்க நூல்கள் அச்சேறிய வரலாறு நமக்குத் தெரியும், தெரிந்திருக்கவும் வேண்டும். ஆயினும் அதே காலத்தில் அதே நகரத்து அச்சுக்கூடங்களிலிருந்து வேறொரு வெள்ளமும் புறப்பட்டது. சென்னைப் பூங்கா நகரத்தை ஒட்டிய குஜிலிக் கடைத் தெருவில் எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் கொண்ட சிறு பாட்டுப் புத்தகங்கள் விற்பனையாயின. தாள் மட்டம், எழுத்து பெரியது, விலை காலணாவும் அரையணாவும். ரயில் கவிழ்ந்தால் ஒரு சிந்து. ஊரில் கொலை நடந்தால் ஒரு கும்மி. புயல் அடித்தாலும் அரிசி விலை ஏறினாலும் அதற்கும் பாட்டு. தெருமுனையிலே நின்று ராகத்தோடு பாடி விற்பார்கள். பாட்டைக் கேட்டவன் புத்தகத்தை வாங்குவான். அதாவது பாட்டே அதற்கு விளம்பரமுமாயிற்று. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஏழைக்கு அதுவே இலக்கியம், அதுவே செய்தித்தாள்.

புலவர் பெருமக்கள் இவற்றைக் கையாலும் தொடவில்லை. வேடிக்கை என்னவென்றால், இவற்றைத் தவறாமல் பட்டியலிட்டது வெள்ளைக்கார சர்க்கார். 1867ஆம் ஆண்டின் அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டப்படி அச்சிட்ட ஒவ்வொரு நூலின் பிரதியும் அரசாங்கத்துக்குச் சேர வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பட்டியலும் வெளியாகும். திருக்குறள் பதிப்புக்கும் கொலைச் சிந்துக்கும் அப்பட்டியலில் ஒரே மரியாதை. ரசிகத்தன்மையினால் அல்ல, கண்காணிக்கும் நோக்கத்தினால் செய்த காரியம் அது. எனினும் நாம் தெருவில் எறிந்த பாட்டுகளிற் சில லண்டன் நூலகங்களில் பத்திரமாக இருப்பதற்கு அச்சட்டமே காரணம். இந்தக் குஜிலிப் பிரசுரங்களை ஆராய்ந்து ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் எழுதிய "முச்சந்தி இலக்கியம்" 2004இல் வெளிவந்த பின்பே, படித்தவர்கள் கூட்டத்தில் இப்பேச்சு வெட்கமில்லாமல் எழுந்தது எனலாம்.

தென்சென்னைப் புறநகர்ப் பகுதிக்கு நூல் காத்த பெருமை புதிதன்று. மறைமலையடிகள் 1911இல் பல்லாவரத்துக்குக் குடிவந்தார். அதற்குமுன் பதின்மூன்று ஆண்டுகள் போலக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். அக்கல்லூரி அப்பொழுது சென்னைக் கோட்டைக்கு வடக்கே, ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937இல்தான் தாம்பரத்துக்கு வந்தது. ஆசிரியர் முன்னே வர, கல்லூரி இருபத்தாறு ஆண்டு பின்னே வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பல்லாவரத்து வீட்டில் அடிகள் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ 4,000. அவர் 1950இல் மறைந்தபின், 1958இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் அவர் பெயரால் சென்னையில் நூல் நிலையம் கண்டனர். உ. வே. சாமிநாதையர் தேடித் தொகுத்த சுவடிகளும் நூல்களும், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1943இல் ருக்மிணி தேவியின் முயற்சியால் அடையாற்றில் நூல் நிலையமாயின. பின்னர் அது பெசன்ட் நகரில் நிலைபெற்றது. ஐயரவர்கள் தமக்கு வந்த கடிதங்களையும் வீசி எறியாமல் வைத்திருந்தார் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். அவருக்குத் துண்டுக் காகிதத்தின் அருமை தெரிந்திருந்தது. அவருடைய மாணவ பரம்பரையினர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னும் சற்றுக் கிழக்கே போனால் திருவான்மியூர். 1929இல் மறைந்த பாம்பன் குமரகுருதாச சுவாமிகளின் சமாதி அங்கே இருக்கிறது. அவர் பாடிய சித்திரகவிகளை நேயர்களில் பலர் படமாகவே பார்த்திருப்பீர்கள். வேலின் வடிவத்துக்குள் எழுத்துக்களை அடைத்துப் பாடியது சஸ்திர பந்தம். மயிலின் உருவத்துக்குள் அடங்குவது மயூர பந்தம். இவை தவிர கமல பந்தம், ரத பந்தம் முதலியனவும் உண்டு. ஒரே எழுத்து இரண்டு கோடுகள் சந்திக்கும் கட்டத்தில் நின்று இரண்டு சொற்களுக்கும் பயன்படும். பாட்டாகவும் வேண்டும், படமாகவும் வேண்டும். இலக்கண நூலார் இதனை அணியியலில் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தார்கள். "வித்தை" என்று நகைத்தவர்களும் உண்டு. ஆயினும் பக்தர்கள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். வீட்டுச் சுவரிலே மாட்டப்பட்டதனால் அந்தக் கவிதை பிழைத்தது. புத்தகத்துக்குள் மட்டும் இருந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் அறிந்திருப்போம்?

நாடக நோட்டீஸுக்கோ இந்தப் பாக்கியம் இல்லை. சட்டம் போட்டு மாட்டுவார் இல்லை. நாடகம் நடந்த மறுநாளே அதற்கு ஆயுள் முடிந்துவிடும். அப்படிப்பட்ட காகிதங்களையும் ஒருவர் சேர்த்தார். அவர் பேராசிரியர் அல்லர், புலவரும் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். காரைக்குடியை அடுத்த கோட்டையூர் முத்தையா. ரோஜா முத்தையா என்றால்தான் உலகம் அறியும்.

சென்னையில் பலகை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் அவருக்கு இந்தப் பித்துப் பிடித்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலே இருந்த அந்த மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று; அதைப் பார்த்திராத இளைஞர்களுக்குச் சொல்கிறேன், அங்கே கிடைக்காத பழம்புத்தகம் இல்லை என்பார்கள். முத்தையா ஊர் திரும்பிய பிறகும் சேகரம் நிற்கவில்லை. நூல்கள், பத்திரிகைகள் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. நாடக விளம்பரங்கள், அழைப்பிதழ்கள், பாட்டுப் புத்தகங்கள், படங்கள், கடிதங்கள் எல்லாம் அவர் வீட்டில் இடம் பெற்றன. மொத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். அரசாங்கத்தின் பணமும் இல்லை, கல்லூரியின் பதவியும் இல்லை.

ஒரு பலகை ஓவியருக்கு இது ஏன் தோன்றியது என்று நான் யோசித்ததுண்டு. என் ஊகத்தைச் சொல்கிறேன். புலவர் ஒரு நோட்டீஸைக் கையிலெடுத்தால் அதிலுள்ள சந்திப் பிழை அவருக்குத் தெரியும். சம்ஸ்கிருதச் சொல் மிகுதியென்று ஒருவரும், ஆங்கிலச் சொல் மிகுதியென்று மற்றொருவரும் முகம் சுளிப்பார்கள். பலகை எழுதுபவருக்கோ எழுத்தின் வடிவம் தெரியும். "வள்ளி" என்ற சொல்லுக்கு எத்தனை அங்குலம், நடிகர் பெயருக்கு எத்தனை அங்குலம் என்பது தெரியும். எந்த நடிகரின் பெயர் பெரிதாயிற்று, எவருடையது சுருங்கிற்று என்பதிலே ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. தாம் எழுதிய பலகை மழையிலும் வெயிலிலும் அழிவதைக் கண்ணால் கண்டவருக்கு, அழியக்கூடியதை எடுத்து வைக்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது இயல்பே.

அதைவிட முக்கியமான குணம் மற்றொன்று அவரிடம் இருந்தது. சேர்த்ததைப் பூட்டி வைக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் கோட்டையூருக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டினார். நம் ஊரில் ஏடு வைத்திருந்த குடும்பங்கள் பிறர் கண்ணில் படாமல் காத்ததனாலேயே கரையானுக்கு இரையான கதைகளை ஐயரவர்களின் சுயசரிதத்தில் நாம் படித்திருக்கிறோம். சேர்ப்பவர் பலர்; காட்டுபவர் சிலர்.

முத்தையா 1992இல் மறைந்தார். ஒரு லட்சம் உருப்படிகளை ஒரு குடும்பம் எப்படிப் பராமரிக்கும்? பிரிந்து விலை போயிருந்தால் அத்துடன் தீர்ந்தது. அமெரிக்காவிலுள்ள சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தை மொத்தமாக வாங்கியது. தமிழ்ச் செல்வம் கப்பலேறப் போகிறதே என்ற அச்சம் எழக்கூடிய விஷயந்தான். நல்லவேளையாக அப்படி நடக்கவில்லை. சேகரம் தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் நிறுவப்பட்டது. முதலில் முகப்பேரில் இருந்து, பின்னர் தரமணிக்கு வந்தது. மூலத் தாள்கள் இங்கேயே இருக்க, நுண்படச் சுருள்களாகவும் மின்படிவங்களாகவும் பிரதிகள் எடுக்கப்பட்டன. விலை கொடுத்தது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்பதை எண்ணும்போது மகிழ்ச்சியோடு ஒரு கூச்சமும் எனக்கு ஏற்படுவதுண்டு. அவ்வளவு பணம் தமிழ்நாட்டில் இல்லாமற் போகவில்லை. பக்கத்து ஊர்களிலே அரண்மனை போன்ற வீடுகள் நிற்கின்றன.

இத்தகைய தாள்களினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சில உதாரணங்கள் சொல்லலாம்.

தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்", 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளியாயிற்று. டி. பி. ராஜலக்ஷ்மி நடித்தார். அந்தப் படச்சுருள் இன்று இல்லை. அக்காலத்து விளம்பரங்களையும் பத்திரிகைக் குறிப்புகளையும் கொண்டே அதனைப் பற்றிப் பேசுகிறோம். அந்தக் காலப் படங்கள் பலவற்றின் கதியும் இதுதான். படம் போய்விட்டது, அரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் கதைச் சுருக்கம் பாதி வரையில் வந்து, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். வெள்ளித்திரையிலே காண இனி வழியில்லை என்கிறபோது அந்த வாக்கியத்தைப் படிக்க ஒரு மாதிரியாக இருக்கிறது.

இசைத்தட்டுகளும் அவ்வாறே. அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சிறிது மேல் ஓடும். இரவு முழுவதும் பாடிய நாடகப் பாட்டை அதற்குள் அடக்கவேண்டும். எந்த அடியை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்பதைத் தட்டுடன் வந்த பாடல் ஏடு காட்டும். 1933இல் இளமையிலேயே மறைந்த கிட்டப்பாவின் குரல் தட்டில் இருக்கிறது. மேடையிலே அவர் என்ன பாடினார், எந்தெந்த ஊரில் எவரோடு பாடினார் என்பதை அறிய நோட்டீஸுகளைத்தான் தேடவேண்டும்.

விளம்பரத்துக்கும் கவிதைக்கும் சம்பந்தம் உண்டா என்று சந்தேகப்படுபவர்கள் பாரதியாரின் சுற்றறிக்கை ஒன்றைப் பார்க்கவேண்டும். 1920இல் அவர் தம் எழுத்துக்களையெல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப்போவதாகவும், அதற்குப் பணம் கடனாக வேண்டுமென்றும் நண்பர்களுக்கு அறிக்கை விடுத்தார். ஆக நான்கு லட்சம் பிரதிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடு தோறும் அவை செல்லும் என்று அவர் நம்பினார். பணம் வரவில்லை, மறு ஆண்டு செப்டம்பரில் கவிஞரே போய்விட்டார். அந்த அறிக்கை காகிதக் குப்பையோடு குப்பையாகப் போயிருந்தால், பாரதியார் உலகியல் அறியாதவர் என்ற கட்டுக்கதைக்கு மறுமொழி சொல்ல நமக்கு ஓர் ஆதாரம் குறைந்திருக்கும். விற்பனைக் கணக்கை அவர் எவ்வளவு உற்சாகமாகப் போட்டிருக்கிறார்!

அவருக்குக் கைகூடாத அந்த வியாபார வித்தை வாசனுக்குக் கைகூடிற்று. தபால் மூலம் பொருள் விற்றும், விளம்பரங்கள் சேகரித்துக் கொடுத்தும் தொழில் செய்தவர் 1928இல் "ஆனந்த விகட"னை வாங்கினார். பெயரில் எட்டெழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய், ஆக 200 ரூபாய் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை நன்றாக இருப்பதனாலேயே எனக்கு அதில் சிறிது ஐயம். ஆனால் விளம்பரம் என்பது பத்திரிகையின் வால் அன்று, முதுகெலும்பு என்று அவர் கண்டுகொண்டதில் ஐயமில்லை.

இனி என் டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன்.

நாடக நோட்டீஸுகளில் பெரிய தொல்லை ஒன்றுண்டு. தேதி இருக்கும், கிழமை இருக்கும், ஆண்டு இருக்காது. நாளைக்கு நடக்கப் போகும் நாடகத்துக்கு ஆண்டு எதற்கு என்று அச்சிட்டவர் நினைத்தார். அவர் நினைத்தது நியாயமே. தமிழ் வருஷப் பெயர் இருந்தாலாவது அறுபதாண்டுச் சுற்றுக்குள் கண்டுபிடிக்கலாம். என் நோட்டீஸில் அதுவும் இல்லை. பிப்ரவரி 14, சனிக்கிழமை இரவு என்று மட்டும் இருந்தது. கட்டணம் அணாவில். நாடகம் விடியும் வரை நடக்கும் என்பதற்கு அறிகுறியாக, நகரம் திரும்புவோருக்கு விடியற்காலையில் மின்சார வண்டி உண்டு என்றும் ஒரு வரி. வசூலில் ஒரு பகுதி யுத்த நிதிக்கு என்று கீழே ஒரு வரி. பக்கத்திலே காப்பிப் பொடிக்கடை விளம்பரம். பின்புறத்தில் என் பாட்டியாரின் கையெழுத்தில் சலவைக் கணக்கு: வேஷ்டி 4, புடவை 6.

பிப்ரவரி 14 சனிக்கிழமையாக வந்த ஆண்டுகளை எழுதிப் பார்த்தேன். 1914, 1920, 1925, 1931, 1942, 1948, 1953. நயா பைசா வந்தது 1957இல். ஆகவே அணாவை வைத்து இவற்றில் எதையும் கழிக்க முடியாது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டு மே மாதம். ஆகவே அந்த ஆண்டு பிப்ரவரியும், அதற்கு முன்னுள்ளவையும் போயின. 1948இல் அது காந்தியடிகளின் அஸ்தி கரைத்த மறுநாளுக்கு மறுநாள். அந்த ஆண்டிலும் 1953இலும் யுத்த நிதி ஏது? எஞ்சியது 1942.

இந்தக் கணக்கை நான் தனியாகப் போட்டுவிட்டதாக நினைக்கவேண்டாம். தாளை எடுத்துக்கொண்டு வேளச்சேரி வழியாகத் தரமணிக்குப் போனேன். வாசிப்பறையில் என்னருகே அமர்ந்து பழைய நோட்டீஸுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், என் கையிலிருந்ததைக் கண்டு, "ஐயா, கீழே யுத்த நிதி என்றிருக்கிறதே, கவனித்தீர்களா?" என்று கேட்டார். நான் மின்சார வண்டியைக் கவனித்திருந்தேன், அதைக் கவனிக்கவில்லை. தம்மிடமிருந்த பிரதிகளில் அதே மாதிரி வரி வரும் இடங்களை எடுத்துக் காட்டினார். பிறகு நாங்கள் இருவரும் நெடுநேரம் காப்பிப் பொடிக்கடையின் விலாசத்தைப் பற்றி விவாதித்தோம். அது இன்னும் தீரவில்லை.

1942, பிப்ரவரி 14. மறுநாள் பிப்ரவரி 15, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. தமிழர் பல்லாயிரவர் அவ்வூரில் இருந்தனர். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் அங்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த வீடுகள் இருந்திருக்கும். ஏப்ரலில் சென்னையே காலியாயிற்று. ஜப்பான்காரன் வருகிறான் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஜனங்கள் உள்ளூர்களுக்கு ஓடினர். என் பாட்டியாரும் இந்த டிரங்குப் பெட்டியுடன் கும்பகோணத்துப் பக்கம் போனதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பயணத்துக்காகப் பெட்டியின் அடியில் விரிக்கக் கைக்குக் கிடைத்த தாளை விரித்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முந்திய நோட்டீஸ். பின்புறம் சலவைக் கணக்கு முடிந்துவிட்டது. வேறு எதற்கும் உதவாது.

நாடகத்துக்கு அவர் போனாரா என்று தெரியவில்லை. நான் கேட்டதில்லை, கேட்கவேண்டும் என்று தோன்றியபொழுது அவரும் இல்லை, தகப்பனாரும் இல்லை. போயிருந்தால், விடிய விடிய வள்ளியும் வேலனும் தர்க்கம் செய்ததைக் கேட்டுவிட்டு, சிங்கப்பூரைப் பற்றி ஏதும் அறியாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்பியிருப்பார். நகரத்திலிருந்து வந்தவர்கள் மின்சார வண்டிக்காகத் தாம்பரம் ரயிலடியில் நின்றிருப்பார்கள். வண்டி எத்தனை மணிக்கு என்பதும் நோட்டீஸில் அச்சாகியிருக்கிறது. "காலை" என்ற சொல்லும் அதன்பின் ஒரு புள்ளியும் தெரிகின்றன. மணி இருந்த இடத்தை மட்டும் இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது.